இரவல் இலக்கமும் இழந்த குரலும்

தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கம் பார்த்த காலத்தை எம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்க் கடையொன்றில் ஐந்து டொலருக்கு வாங்கிய அட்டையின் பின்புறத்தை நாணயக்குற்றியால் உரசி, அங்கே தோன்றும் நீண்ட இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்துவோம். கொழும்பு விடுதியொன்றில் எமது அழைப்புக்காகக் காத்திருக்கும் தாயின் குரல் கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். நிமிடங்கள் முடிந்ததும் அட்டை குப்பைக்குப் போய்விடும். அந்த இலக்கத்தால் அதன்பின் எமக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை.

இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. தொலைபேசி இலக்கம் பேசுவதற்கான வழி மட்டுமன்று, அது எமது வீட்டின் திறப்பாகவும் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வட்ஸ்அப், குடிவரவுத் திணைக்களத்துடன் தொடர்புகொள்ளும் இணையக் கணக்கு என எதைத் திறப்பதாயினும், "உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் கொண்ட குறியீடொன்றை அனுப்பியுள்ளோம், அதனை இங்கே பதியுங்கள்" என்ற அறிவித்தலே எம்மை எதிர்கொள்கிறது. அந்தக் குறியீடு எவருடைய கைக்குப் போய்ச் சேர்கிறதோ, அவரே அக்கணக்கின் உரிமையாளர் எனக் கொள்ளப்படுகிறார்.

எனது சின்னம்மாவுக்கு நேர்ந்ததை இங்கு எழுதுவதற்கு அவரிடம் அனுமதி பெற்றுள்ளேன். அவர் பிள்ளைகளிடம் ரொறன்ரோவுக்கு வந்தபோது சித்தப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். வீட்டையும் வளவையும் விட்டுவர அவருக்கு மனமில்லை. சின்னம்மாவுக்கெனத் தனிக் கைத்தொலைபேசி இணைப்பு எடுக்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணிய உறவுக்காரப் பையனொருவன், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இலக்கமொன்றைப் பெற்று அதிலேயே அவருக்கு வட்ஸ்அப் கணக்கைத் திறந்துகொடுத்தான். வீட்டில் இணையம் இருந்தது. ஆகவே குறையொன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சித்தப்பாவின் குரல்பதிவு வந்துவிடும். கிணற்றடி மாதுளை காய்த்த கதை, கோவில் திருவிழாக் கதை, முழங்கால் நோ பற்றிய முறைப்பாடு என எல்லாம் அதில் இருக்கும்.

2023ஆம் ஆண்டு சித்தப்பா காலமானார். சின்னம்மாவுக்கு எஞ்சியவை அந்தக் குரல்பதிவுகளே. அடுத்த ஆண்டு அவரது கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்து பழுதடைந்தது. புதியதொன்றை வாங்கி, பழைய இலக்கத்தைப் பதிந்தோம். குறியீடு அனுப்பப்பட்டதாக அறிவித்தல் வந்தது. குறியீடு வரவில்லை. நெடுங்காலம் அழைப்பு எதற்கும் பயன்படுத்தப்படாத அந்த இலக்கத்தைச் சேவை நிறுவனம் மீளப்பெற்று, வேறொருவருக்கு வழங்கிவிட்டிருந்தது. உரையாடல்களின் சேமிப்புப் பிரதி இருந்தது. ஆயினும் அதே இலக்கத்தை உறுதிப்படுத்தினால் மட்டுமே அதனை மீட்க முடியும்.

"அப்ப அவரின்ரை குரல் இருக்கு, எனக்குத்தான் கேக்கேலாது. அப்பிடியோ தம்பி?" என்று சின்னம்மா கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இரவல் இலக்கம் என்பது யாது?

சாதாரண கைத்தொலைபேசி இலக்கம் எமது கையிலுள்ள சிம் அட்டையுடன் பிணைந்துள்ளது. மெய்நிகர் இலக்கம் எனப்படும் இரவல் இலக்கத்துக்கு அவ்வாறான அட்டை எதுவுமில்லை. அது நிறுவனமொன்றின் கணினியில் இருக்கிறது. அங்கு வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் இணையத்தின் வழியாக எமது செயலிக்கு அனுப்பப்படுகின்றன. இவற்றில் மூன்று வகைகளை எம்மவர் பயன்படுத்தக் காண்கிறோம்.

முதலாவது, மாதாந்தக் கட்டணம் செலுத்தி எமது பெயரில் வைத்திருக்கும் இலக்கம். இரண்டாவது, விளம்பரங்களின் வருமானத்தில் இலவசமாக வழங்கப்படும் இலக்கம். பயன்படுத்தாதுவிட்டால் இது பறிபோய்விடும். மூன்றாவது, எவர் வேண்டுமாயினும் பயன்படுத்தலாம் எனச் சில இணையத்தளங்கள் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் இலக்கம். இதற்கு வரும் குறுஞ்செய்திகள் யாவும் அத்தளத்திலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. உமது குறியீட்டை உலகமே வாசிக்கலாம். சந்தியில் நின்று வீட்டுத் திறப்பை உயர்த்திக் காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கட்டணம் செலுத்திய இலக்கமும் நிரந்தரமானதன்று. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, எம்மவரிடையேயும் பெரிதும் புழங்கிய ஸ்கைப் சேவை 2025 மே 5ஆம் நாள் மூடப்பட்டது. அத்தகைய பெரிய சேவைக்கே அந்த முடிவெனின், நேற்று முளைத்த சிறிய செயலிகளை நம்பி ஆயுட்காலக் கணக்கொன்றைத் திறப்பது எங்ஙனம்?

குறுஞ்செய்தி காவலாளியான கதை

குறுஞ்செய்தி பாதுகாப்புக்கென உருவாக்கப்பட்டதன்று. 1992 டிசம்பர் 3ஆம் நாள் பிரித்தானியாவில் நீல் பாப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் அனுப்பிய நத்தார் வாழ்த்தே உலகின் முதலாவது குறுஞ்செய்தியாகும். வாழ்த்துச் சொல்லப் பிறந்த அந்த வசதியைப் பின்னாளில் வங்கிகளும் இணைய நிறுவனங்களும் வாயிற்காவலாளி ஆக்கின.

காவலாளியின் பலவீனங்கள் விரைவில் வெளிப்பட்டன. 2017ஆம் ஆண்டு யேர்மனியில், தொலைபேசி வலையமைப்புக்கள் தமக்கிடையே பேசிக்கொள்ளும் பழைய முறைமையிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, வங்கிக் குறியீடுகளைத் திருடர்கள் திசைதிருப்பி, பிறரது கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்தமை அம்பலமாயிற்று. 2019 ஓகஸ்ட் மாதம் ருவிட்டர் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜாக் டோர்சியின் கணக்கே, அவரது தொலைபேசி இலக்கம் பிறர் கைக்குப் போனதால் சிறிது நேரம் களவாடப்பட்டது. தலைவரின் கதியே இதுவாயின் எம் போன்றோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கைவிடப்பட்ட இலக்கங்களின் கதை இன்னும் கவலைக்குரியது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்கு வழங்கவிருந்த 259 இலக்கங்களைப் பரிசோதித்தனர். அவற்றில் 171 இலக்கங்கள் பிரபல இணையத்தளங்களிலுள்ள கணக்குகளுடன் இன்னும் பிணைந்திருந்தன. வீட்டை விற்றவர் அலுமாரித் திறப்பையும் சேர்த்துக் கொடுத்துச் சென்றதற்கு ஒப்பானது இது.

இக்காரணங்களாற்றான் பல வங்கிகள் மெய்நிகர் இலக்கங்களை ஏற்க மறுக்கின்றன. குறிப்பிட்டதொரு கருவி உரியவரின் கையில் இருப்பதை நிரூபிக்காத இணையவழி இலக்கங்களை இத்தகைய உறுதிப்படுத்தலுக்குப் பயன்படுத்தலாகாது என, அமெரிக்காவின் நியமங்களுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய நிறுவகம் 2017ஆம் ஆண்டின் வழிகாட்டலில் விதித்திருந்தது. வட்ஸ்அப் நிறுவனமும் இவற்றை ஆதரிப்பதில்லை என்றே கூறுகிறது. எனினும் சிலவேளைகளில் இவை ஏற்கப்பட்டுவிடுகின்றன. சின்னம்மாவின் கணக்கும் அவ்வாறு திறக்கப்பட்டதே. திறக்கும்போது கதவு தடுக்கவில்லை. திரும்பி வந்தபோதுதான் பூட்டியிருந்தது.

தேவையும் உண்டு

இவ்வாறு கூறுவதால் இரவல் இலக்கம் முற்றிலும் ஆகாதது என்று பொருளன்று. அறை வாடகைக்கு விடவோ பழைய கார் விற்கவோ விளம்பரம் செய்பவர் தமது சொந்த இலக்கத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. கணவனின் கொடுமையிலிருந்து விலகி வாழும் பெண்ணுக்கும், ஊரிலுள்ள உறவினருக்குத் தம்மால் தொல்லை நேரக்கூடாதென அஞ்சும் அகதிக்கும் மறைவிலக்கம் ஒரு கவசமே. பேசுவதற்கு அது உதவட்டும். திறப்பாக அதனை வைத்துக்கொள்ளலாகாது என்பதே எமது வேண்டுகோள்.

எமது சமூகத்தில் வேறொரு பழக்கமும் வேரூன்றியுள்ளது. ஆங்கிலமும் கணினியும் அறிந்த இளைஞர் ஒருவர் பத்து முதியவர்களுக்குக் கணக்குத் திறந்துகொடுப்பார். அனைத்துக் குறியீடுகளும் அவரது தொலைபேசிக்கே வரும். அவரது நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அவர் இலக்கத்தை மாற்றினால் அல்லது வேறு நாட்டுக்குச் சென்றால் பத்துக் குடும்பங்களும் வாசலில் நிற்க நேரிடும். அகதி விண்ணப்ப விசாரணைக்கான திகதி அறிவித்தல் திறக்க முடியாத கணக்கொன்றில் கிடக்குமாயின் அதன் விளைவை எவர் ஏற்பார்?

நாம் செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், குறிப்பாக முதியவர்களுக்கு, அவர்களது பெயரிலேயே மலிவான முற்கொடுப்பனவுச் சிம் அட்டையொன்று இருக்கட்டும். ஊர் வங்கிக் கணக்குடன் பிணைந்த இலங்கை இலக்கத்தை வைத்திருப்போர், அது காலாவதியாகாதபடி உரிய காலத்தில் பணம் இட்டுவர வேண்டும். அல்லது அடுத்த பயணத்தின்போது வங்கிக்குச் சென்று இலக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரவல் இலக்கத்தில் வட்ஸ்அப் வைத்திருப்போர் இன்றே மாற்றிவிடுங்கள். செயலியின் அமைப்புக்களில் கணக்கு என்ற பகுதிக்குச் சென்றால் இலக்கத்தை மாற்றும் வசதி உண்டு. பழைய இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி வராது போயிருந்தாலும், செயலி உமது தொலைபேசியில் இன்னும் இயங்குமாயின் இது சாத்தியமே. ஐந்து நிமிட வேலை. சின்னம்மாவின் தொலைபேசி தண்ணீரில் விழுவதற்கு முதல்நாள் செய்திருந்தாலும் போதுமாயிருந்தது. அத்துடன் ஆறு இலக்க இரகசிய எண்ணை வைக்கும் இரண்டாம் படிப் பாதுகாப்பையும் இயக்கிவிடுங்கள். வேறெவரும் உமது இலக்கத்தைப் பெற்றாலும் எளிதில் உட்புக முடியாது.

மின்னஞ்சல் போன்ற கணக்குகளுக்குக் குறுஞ்செய்தியைவிடச் சிறந்த வழி, 30 வினாடிக்கு ஒருமுறை புதிய குறியீட்டைத் தொலைபேசியிலேயே உருவாக்கும் உறுதிப்படுத்தற் செயலியாகும். கணக்குக்கெனத் தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அன்புக்குரியவரின் குரல்பதிவுகளைக் கணினியிலும் பிரதிசெய்து வையுங்கள்.

இறுதியாக, குறியீட்டை எவரிடமும் கூறாதீர்கள். "தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டேன் அக்கா, அதை ஒருக்கால் சொல்லுங்கோ" என்று தெரிந்தவரின் கணக்கிலிருந்தே செய்தி வரலாம். அக்கணக்கு முன்னரே களவாடப்பட்டிருக்கும். விளம்பரம் செய்தவரிடம், "நீங்கள் உண்மையானவரா என்று பார்க்கவேண்டும்" எனக் கூறிக் குறியீட்டைப் பெற்று, அவரது இலக்கத்துடன் பிணைத்து இரவல் இலக்கமொன்றை உருவாக்கிப் பிறரை ஏமாற்றும் கூட்டமும் உண்டு. இது பற்றி அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் 2021ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

சின்னம்மாவுக்கு இப்போது சொந்த இலக்கம் உண்டு. சித்தப்பா முன்பு எனக்கு அனுப்பியிருந்த இரண்டு குரல்பதிவுகளை அவரது தொலைபேசிக்கு அனுப்பிவைத்தேன். ஒன்றில், குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்கிறார். மற்றையதில், சின்னம்மா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாவா என்று பார்க்கும்படி சொல்கிறார். நூற்றுக்கணக்கானவற்றில் எஞ்சியவை இவ்விரண்டே. இதனை வாசித்து முடிக்கும் நீங்கள், உங்கள் வீட்டு முதியவரின் தொலைபேசியை இப்போதே கையில் எடுத்து, அந்த இலக்கம் எவர் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.