பப்ளிலியஸ் சைரஸின் வாசகங்களும் ஔவையாரின் ஆத்திசூடியும்

பப்ளிலியஸ் சைரஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த நாடக ஆசிரியர். சிரியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட இவர், தம் மதிநுட்பத்தால் விடுதலையும் கல்வியும் பெற்றார். 'மைம்' எனப்படும் நகைச்சுவை நாடகங்களை எழுதி, தாமே நடித்தார். கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் நடத்திய விழாவில் லபேரியஸ் என்னும் மூத்த ஆசிரியரைப் போட்டியில் வென்றார். இவருடைய நாடகம் ஒன்றுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. காதல், நட்பு, பணம், மனித இயல்பு பற்றிய ஏறத்தாழ 700 ஒற்றை வரிகளே எஞ்சியுள்ளன.

அந்த வரிகள் அடுக்கப்பட்டுள்ள முறை தமிழருக்குப் புதியதன்று. முதல் எழுத்தைக் கொண்டு, இலத்தீன் நெடுங்கணக்கின் வரிசையில் அவை தொகுக்கப்பட்டுள்ளன. ரோமானியச் சிறுவர்கள் இவற்றைப் பள்ளியில் படித்தனர். புனித ஜெரோம் தாம் சிறுவயதில் வகுப்பில் படித்த ஒரு வரியைப் பிற்காலக் கடிதத்தில் நினைவுகூர்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் இந்த இடத்தில் இருந்தவை ஔவையாரின் ஆத்திசூடியும் (109 வரிகள்) கொன்றைவேந்தனும் (91 வரிகள்). எழுத்தும் ஒழுக்கமும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. சொல்லுக்கு முதலில் வராத ஆய்தத்துக்கும், அரிதாகவே வரும் ஙகரத்துக்கும்கூட ஔவையார் வரி அமைத்திருப்பது ஓர் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் ஒற்றுமை இவ்வளவுதான். ஔவையார் அகர வரிசைக்காகவே இயற்றினார். பப்ளிலியஸின் வரிகளோ நாடகங்களிலிருந்து பிறர் பொறுக்கி எடுத்தவை. எந்த வரியைக் காதலன் சொன்னான், எதைக் கருமி சொன்னான், எது வெறும் கேலி என்பது இன்று தெரியாது. ஒன்றுக்கொன்று முரண்படும் வரிகள் இருப்பதில் வியப்பில்லை. இடைக்காலத்தில் வேறு நூல்களின் வரிகளும் கலந்தன. செனகா பெயரிலும் தொகுப்பு உலவியது. ஆகவே கட்டுரைப் போட்டிக்கு எழுதும் மாணவர்கள், 'காதலைப் பற்றி ரோமானிய அறிஞர் கூறுகிறார்' என்று தொடங்காமல், 'பப்ளிலியஸின் நாடகத்தில் வரும் வரி' என்று எழுதுவதே சரி.

மொழிபெயர்ப்பிலும் ஒரு கவனம் தேவை. ரோமானியரின் 'ஃபோர்ச்சூனா' காரணமின்றிக் கொடுத்து, காரணமின்றிப் பறிக்கும் பெண் தெய்வம். அதை 'ஊழ்' என்று எழுதுவது பொருந்தாது. ஊழ் அவரவர் வினையின் பயன். 'அதிர்ஷ்டம்' என்ற பேச்சு வழக்கே நெருக்கமானது.

பெண்களைத் தாழ்த்தும் வரிகள் இரண்டு தொகுப்பிலும் உண்டு. பப்ளிலியஸிடம் அதை ஒரு பாத்திரத்தின் பேச்சாகக் கொள்ள இடமிருக்கிறது. ஆத்திசூடியில் அந்த வழி இல்லை; அறிவுரையாகவே சொல்லப்பட்டதை வகுப்பறையில் ஒளிவின்றி விவாதிக்க வேண்டும். பாரதியார் அதே வடிவத்தை எடுத்து 110 வரிகளில் புதிய ஆத்திசூடி செய்தார். சினம் தணிய வேண்டியது என்றார் ஔவையார். பாரதியோ சினம் கொள்ளவும் பழகச் சொன்னார்.