டிரம் வாங்கப் போகிறீர்களா?

நாள் முழுதும் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி ஆலையிலிருந்து வீடு திரும்பும் வாலிபன், "டிரம் ஸெட் வாங்கப் போகிறேன்" என்றால் என்ன ஆகும்? அம்மா நெற்றியில் அடித்துக் கொள்வாள். அப்பா, "ஆலையில் கேட்கிற சத்தம் போதாதாக்கும்!" என்பார். ஆனால் மாதா கோயில் பாடகர் குழுவிலோ, மெல்லிசைக் கச்சேரியிலோ ஓர் ஆள் குறைகிறது. பையன் கையில் தாளம் இருக்கிறது. சீட்டுப் பணமும் வந்திருக்கிறது. வாங்கட்டுமே! பணம் கரியாகாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

டிரம் ஸெட் என்பது ஒரு வாத்தியம் அல்ல, ஒரு குடும்பம். தரையில் படுத்திருக்கும் 22 அங்குல பேஸ் டிரம்தான் குடும்பத் தலைவர். மடியருகே கரகரக்கும் 14 அங்குல ஸ்நேர்; மேலே இரண்டு டாம்; பக்கத்தில் மூன்று காலில் நிற்கும் ப்ளோர் டாம்; சுற்றிலும் சிம்பல் தட்டுகள். முன்னாட்களில் பாண்டு கோஷ்டியில் இதற்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். சிக்காகோவில் லட்விக் சகோதரர்கள் 1909-ல் காலால் மிதிக்கும் நல்ல பெடலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, ஒரே ஆசாமி எல்லாவற்றையும் கவனிப்பது சுலபமாயிற்று.

சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் வாத்தியம் விற்கும் மியூஸி மியூஸிகல் போன்ற கடைக்குள் நுழைந்தால், முதலில் கண்ணைப் பறிப்பது பளபளக்கும் சிவப்பு நிறம். ஏமாறாதீர்கள்! மேப்பிள் மரமா, பாப்ளர் மரமா என்று பழகுகிறவன் மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டியதில்லை. உருளை வட்டமாக இருக்கிறதா, விளிம்பு சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். பழைய ஸெட்டானால் தோலைக் கழற்றி, உருளையைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால், விலை எத்தனை மலிவானாலும் வேண்டாம். திருகுகளைச் சாவி போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால் சுருதி நிற்காது.

தோல் கிழிந்திருந்தால் கவலையில்லை. 1950-களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் தகடு வந்து கன்றுத் தோலை ஓரங்கட்டிவிட்டது. பழவேற்காட்டு ஈரக் காற்றில் மிருதங்கம் படுகிற அவஸ்தை இதற்குக் கிடையாது. புதுத் தோல் போட்டால் சாதாரண உருளையும் கம்பீரமாகப் பேசும்.

ஆனால் சிம்பல் அப்படியல்ல. மலிவு ஸெட்டோடு இனாமாகத் தருவது பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். தட்டினால் தாம்பாளம் கீழே விழுந்த மாதிரி இருக்கும். நல்லது வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. கோயில் மணிக்கு ஏன் வெண்கலம் வார்க்கிறார்கள் என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும்! உயர்ந்த சிம்பலில் நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். 92-க்கு 8 என்ற கலவை விலை குறைவு, ஆரம்பத்துக்குப் போதும். என்னைக் கேட்டால், கையிலுள்ள பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிம்பலுக்கும் பெடலுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பழைய உருளைகளை வாங்கச் சொல்வேன். உருளையைப் பிறகு மாற்றினாலும் வெண்கலம் கூடவே வரும். பழைய சிம்பலானால் ஓரத்தையும் நடுத் துவாரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசலும் நாளுக்கு நாள் நீளும்.

முக்காலியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடுகிற ஆசனத்தில் உட்கார்ந்தால் தாளத்துக்கு முன்னால் முதுகு போய்விடும்.

இன்னொரு சங்கடம், லைன் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். அவர் நம்மைச் சபிக்காமல் இருக்க, முதல் ஆறு மாதம் ரப்பர் பலகையில் பழகலாம். ஸெட் வந்த பிறகு பேஸ் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணித்து, மற்றவற்றின்மேல் துண்டு போடலாம். பக்கெட்டையும் ஸூட்கேஸையும் மேடையிலேயே வாசித்துக் கைதட்டல் வாங்குகிறவர் நம் சிவமணி. ஆகவே ரப்பர் பலகையைப் பார்த்துப் பையன் முகம் சுளிக்க நியாயமில்லை.

கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகிறவன் 18 அங்குல பேஸ் டிரம் உள்ள சிறிய ஸெட்டாகப் பார்ப்பது புத்திசாலித்தனம், ஆட்டோவில் அடங்கும். 22 அங்குலமானால், மாலை நேரத்து மின்சார ரயிலில் அதைக் கட்டிக் கொண்டு ஏறினால், பொன்னேரி வருவதற்குள் நாலு பேரோடு சண்டை நிச்சயம். குட்டியானை வண்டி வாடகையையும் சேர்த்தே விலை பேசுங்கள்.