குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

“இஞ்சேருங்கோ, ராத்திரி உங்களுக்கு மூச்சு நிண்டு போச்சு. நான் பயந்து போனன்” என்கிறாள் மனைவி. “எனக்கோ? நான் நல்லா நித்திரை கொண்டனான்” என்று நகைக்கிறார் கணவர். கோப்பி ஆறுகிறது, பேச்சும் அத்துடன் முடிகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. நோயாளியே அறியாது, பக்கத்தில் படுத்திருப்பவர் மாத்திரம் அறிகின்ற வியாதி இது. வைத்தியர்கள் இதனைச் ‘சிலீப் அப்னியா’ என்பர். உறக்கத்தில் நிகழும் மூச்சுத்தடை என நாம் கூறலாம்.

குறட்டையை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமாகக் கொள்வோர் நம்மிற் பலர். குறட்டை விடுவோர் யாவரும் நோயாளிகள் அல்லர் என்பதும் மெய்யே. ஆனால், குறட்டையின் நடுவே திடீரென உண்டாகும் மௌனத்தைக் கவனித்தல் வேண்டும். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாவும் மேலண்ணத்தின் மென்பகுதியும் பின்சாய்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு எழுந்து தாழ்ந்தும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை துணுக்குற்று அவரை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெரிய மூச்சு, மீண்டும் குறட்டை. காலையில் இவற்றுள் எதுவும் அவர் நினைவில் இராது.

10 வினாடியாவது மூச்சு நின்றால் அதனை ஒரு தடவையாகக் கணக்கிடுவர். மணிக்கு 30 தடவை நிகழுமாயின், ஏழு மணி நேரத்தில் 210 தடவை! பகலெல்லாம் கண் சொக்குவதற்கும், காலைத் தலைவலிக்கும், மருந்துக்கு அடங்காத இரத்த அமுக்கத்துக்கும் இது காரணமாகலாம். வாகனம் ஓட்டுபவராயின், அவருடைய அயர்வு வீதியிற் செல்வோருக்கும் ஆபத்தாகும்.

பெண்களுக்கும் இந்நோய் உண்டு. மாதவிடாய் நின்றபின் மிகுதியாகவே வருகிறது. அவர்களோ பெரும்பாலும் களைப்பு, தலைவலி, நித்திரையின்மை என்றே முறையிடுவர். பக்கத்திலுள்ள கணவர் அயர்ந்து உறங்கிவிட்டால், பாவம், அவர்களுக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்?

அந்தச் சாட்சியைத்தான் ஒரு சிறு கருவி சொல்ல வருகிறது. முன்னர் இதனை அறிய வைத்தியசாலையில் ஓரிரவு தங்கி, தலையெங்கும் கம்பிகள் ஒட்டிக்கொண்டு உறங்கவேண்டியிருந்தது. இன்று பலருக்கு வீட்டுக் கட்டிலே போதும். அமெரிக்க அரசின் மெடிக்கெயார் திட்டம் 2008ஆம் ஆண்டில் வீட்டுப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டது. கருவியின் அமைப்பும் எளியதே: மூக்குத் துவாரங்களிற் பொருந்தும் மெல்லிய குழாய் காற்றோட்டத்தை அறியும், நெஞ்சிற் கட்டும் பட்டி மூச்சு முயற்சியை அறியும், விரலில் மாட்டுவது பிராணவாயுவை அளக்கும். விரற்கருவி நமக்குப் புதிதன்று. கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் இருந்ததே. அதன் தத்துவத்தை 1974இல் வெளியிட்டவர் ஜப்பானியரான தக்குவோ அஒயாகி என்னும் பொறியியலாளர்.

சோதனை இரவன்று வழமையான நேரத்திற் படுத்தல் நன்று. நகப்பூச்சு இருப்பின் அழித்துவிடல் வேண்டும். இடையில் எழுந்து சென்றாலும் கருவியைக் கழற்றலாகாது. குழாய் நழுவினால் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். ‘இத்தனையும் மாட்டிக்கொண்டு நித்திரை வருமா?’ என்று கேட்பீர்கள். வழக்கத்திற் குறைவாகவே வரும். எனினும் நான்கு மணி நேரமாவது நல்ல பதிவு கிடைத்தாற் போதும்.

மணிக்கு 5க்குக் குறைவாயின் வழமை. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவை மூளையின் அலைகளைப் பதிவதில்லை. நீங்கள் உறங்கினீர்களா, முகட்டைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தீர்களா என்பது அவற்றுக்குத் தெரியாது. 8 மணி நேரப் பதிவில் 5 மணி நேரமே உறங்கியவருக்கு 32 தடவை மூச்சு நின்றதெனக் கொள்வோம். 8ஆல் வகுத்துக் கருவி ‘4’ என்னும். நோயில்லை என்று மகிழ்ந்துவிடுவார். உறங்கிய நேரத்தால் வகுத்தாலோ 6க்கு மேல்! ஆகவே, அறிகுறிகள் இருந்தும் முடிவு நன்றாக வந்தால், வைத்தியசாலையில் அந்த ஓரிரவைக் கழிக்கத்தான் வேண்டும். இருதயம் பலவீனமானோர், கடும் நுரையீரல் நோயுள்ளோர், பாரிசவாதம் கண்டோர் ஆகியோருக்கு முதலிலேயே வைத்தியசாலைச் சோதனைதான் உகந்தது.

நோய் உறுதியானாற் கலங்கவேண்டியதில்லை. முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் முறையைச் சிட்னி நகரத்துக் கொலின் சலிவன் குழுவினர் 1981இல் ஐந்து நோயாளர்களிடம் செய்து காட்டி வெளியிட்டனர். இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே.

வைத்தியரிடம் முதன்முறை செல்லும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் மூச்சு நிற்பதை யாரேனும் கண்டதுண்டா என்று அவர் கேட்பார். அதற்கு விடை உங்களிடம் இராது.