விமானம் ஏறும் நாளில்: எந்தச் சத்தம் எதற்கு?

மலைநாட்டுக்குத் திரும்பும் குடும்பங்களைச் சந்திக்கும்போது எங்களிடம் முதலில் வரும் கேள்விகள் வீடு, பிள்ளைகளின் பாடசாலை, பிரஜாவுரிமை, பிறப்புச் சான்றிதழ் பற்றியவை. எல்லாம் பேசி முடித்து எழும்பும் நேரத்தில்தான் மூலையில் இருந்த ஓர் அப்பாயி மெதுவாகக் கேட்பார்: "பிளேன்ல மூச்சு முட்டுமா புள்ள?" கேட்கக் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறோம். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரியவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கடல் புதிதல்ல. ஒரு காலத்தில் ஹட்டனிலோ நானுஓயாவிலோ ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, இராமேஸ்வரத்தில் இறங்குவார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்களும் அந்த வழியாகவே போனார்கள். 1980களின் நடுவில் அந்தக் கப்பல் நின்றுபோனது. 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, பிறகு அங்கிருந்தும் ஓட வேண்டி வந்தவர்கள், மன்னார்க் கரையில் இரவோடு இரவாகப் படகேறினார்கள். அந்த இரவு நினைவில் இருப்பவர்களுக்குக் கடலைத் திரும்பத் தாண்டுவது என்றாலே நெஞ்சு படபடக்கும். அது கோழைத்தனம் இல்லை.

இந்த முறை கடலைத் தாண்டுவது சிறிய வேலை. திருச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 420 கிலோமீட்டர் அளவுதான், ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பறப்பு. சென்னையிலிருந்து என்றால் 650 கிலோமீட்டர் அளவு, இன்னும் இருபது நிமிடம் போல் கூடும். திருச்சிக்கும் கட்டுநாயக்கவுக்கும் படத்தில் கோடு போட்டுப் பார்த்தால் அது மண்டபம், இராமேஸ்வரம் பக்கமாகத்தான் போகிறது. விமானம் போகும் பாதை அன்றன்றைக்குச் சற்று மாறும். ஆனாலும் தெளிந்த பகலாக இருந்தால், எந்த மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டீர்களோ அதை மேலிருந்து பார்க்கக் கிடைக்கலாம்.

மூச்சும் காதும்

அப்பாயியின் கேள்விக்கு வருவோம். விமானம் 30,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே காற்று மிக மெலிந்திருக்கும், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் மேல் போகும். அந்தக் காற்றில் யாராலும் இருக்க முடியாது. அதனால் இயந்திரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, பதப்படுத்தி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் காற்றை விட மெலியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

நுவரெலியா நகரம் 6,100 அடிக்கு மேல் இருக்கிறது. பீதுருதாலகாலை உச்சி 8,280 அடி. அதாவது உலகத்தில் எந்த விமானத்தில் ஏறினாலும் பயணிகள் சுவாசிப்பது, நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர்க் காற்றைப் போன்ற காற்றைத்தான். நுவரெலியாவில் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறி இறங்கியவர் விமானத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறார்! ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். கடுமையான நெஞ்சு நோய், நுரையீரல் நோய், இரத்தச் சோகை உள்ளவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் 28 வாரம் கடந்துவிட்டால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கும். அதைப் பயண நாளில் தேடி ஓட முடியாது.

காது அடைப்பதும் உங்களுக்குத் தெரிந்த விஷயமே. கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனைக்கு பஸ் ஏறும்போதும், இறம்பொடை வளைவுகளிலும் காது 'கும்' என்று அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறக்குமல்லவா? செவிப்பறைக்கு வெளியே உள்ள அழுத்தமும் உள்ளே உள்ள அழுத்தமும் சரிசமமாகாதபோது அப்படி ஆகிறது. பஸ் ஒரு மணித்தியாலத்தில் செய்வதை விமானம் இருபது நிமிடத்தில் செய்கிறது. ஏறும்போதை விட இறங்கும்போதுதான் கூடுதலாக அடைக்கும். இறங்கத் தொடங்குவது தரை தொடுவதற்கு 25, 30 நிமிடம் முன்பே. அந்த நேரத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைகளுக்கு டொபி கொடுங்கள். தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவது நல்லது, ஏனென்றால் தூக்கத்தில் விழுங்குவது குறைவு. தடிமன் பிடித்திருந்தால் வலி கூடும். மூக்கடைப்புக்கான மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரும்பு எப்படி மிதக்கிறது?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் பெரிய விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன் நின்றால் ஆளைத் தள்ளும். விமான இயந்திரத்தின் வாயிலும் அப்படி ஒரு விசிறிதான் இருக்கிறது, பல மடங்கு வேகத்தில். அது காற்றைப் பின்னால் வீசுகிறது, விமானம் முன்னால் போகிறது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது இறக்கை தன் மேல் வந்து மோதும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். கீழே தள்ளப்படும் காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. வேகமாகப் போகும் பஸ்ஸில் உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்து வெளியே நீட்டினால் கை தானாக எழும்புமே, அதே கதை. (பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸில் கையை வெளியே நீட்டாதே என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.)

இயந்திரம் நின்றால் கல்லைப் போல் விழும் என்று நினைப்பவர்கள் பலர். இந்த விமானங்களில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். ஒன்று நின்றாலும் மற்றதைக் கொண்டு பறந்து இறங்க முடியும். இரண்டும் நின்றாலும் இறக்கை வேலை செய்வதை நிறுத்தாது. 30,000 அடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் பருந்து போலச் சறுக்கிக்கொண்டே போகலாம். நீங்கள் தாண்டும் கடல் குறுகியது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு கரை அந்தத் தூரத்துக்குள் இருக்கும்.

முன்னால் விமானிகள் இரண்டு பேர் இருப்பார்கள். தரையிலிருந்து ஒருவர் ராடாரில் பார்த்துக்கொண்டு அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பார். பாதி வழி வரை சென்னையின் பொறுப்பு, அதன் பிறகு கொழும்பின் பொறுப்பு. நடுக்கடலில் படகோட்டி வெளிச்சத்தை அணைத்துவிட்டுத் திசை தேடிய இரவு மாதிரி இல்லை இது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இரண்டு கரைக்கும் தெரியும்.

பயமுறுத்தும் சத்தங்கள்

முதன்முறை போகிறவர்களை உலுக்குவது பெரும்பாலும் சத்தம்தான். அது எதற்கு என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.

விமானம் தரையில் நிற்கும்போது சில வகை விமானங்களில் காலடியிலிருந்து நாய் குரைப்பது போலவோ மரம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் வரும். எண்ணெய் அழுத்தத்தைச் சமப்படுத்தும் பம்பு அது. ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது முதுகு ஆசனத்தோடு அழுந்தும், தலைக்கு மேலுள்ள பெட்டிகள் கடகடக்கும். அரை நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக ஓடியபின் மூக்கு மேலே தூக்கும். சில நொடியில் அடியில் 'தொம்' என்று ஒன்று கேட்கும்: சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன. அதன் பிறகு வருவதுதான் பலரைக் கலங்கடிப்பது. ஏறிக்கொண்டிருக்கும்போதே இயந்திரச் சத்தம் திடீரென்று தணியும், வயிற்றில் இலேசாக விழுவது போல் இருக்கும். இயந்திரம் நிற்கவில்லை. எழும்புவதற்குத் தேவைப்பட்ட முழு வேகம் இனி வேண்டாம் என்று குறைக்கிறார்கள். மலையேறிய லொறி மேட்டைக் கடந்ததும் கியர் மாற்றுவதைப் போல.

மேகத்துக்குள் போனால் ஆடும். தோட்டத்து ரோட்டில் வரும் லொறியை விட மோசமாக ஆடாது என்று சொல்லலாம் என்று பார்த்தேன், சில நாட்களில் ஆடத்தான் செய்கிறது. மழைக்காலத்திலும் சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடி மேகங்களிலும் கூடுதலாக இருக்கும். காற்று ஓரிடத்தில் மேலேயும் ஓரிடத்தில் கீழேயும் ஓடுவதால் வருவது அது. சன்னலால் பார்த்தால் இறக்கை மேலும் கீழும் அசையும். மூங்கில் வளைவது போல் வளையும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். ஆட்டத்தில் காயம் படுகிறவர்கள் பெரும்பாலும் ஆசனப்பட்டி போடாதவர்கள்தான். விளக்கு அணைந்தாலும் பட்டியைக் கழற்ற வேண்டாம், சற்றுத் தளர்த்தி வைத்திருங்கள்.

கழிவறையில் பொத்தானை அழுத்தினால் பெரும் இரைச்சலோடு காற்று இழுக்கும். பிள்ளைகளிடம் முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அலறிவிடுவார்கள்.

இறங்குமுன் இறக்கையின் பின்பக்கம் விசில் போன்ற சத்தத்தோடு நீண்டு கீழே வளையும். வேகம் குறைந்தாலும் மிதக்க வேண்டும் என்பதற்காக இறக்கையை அகலமாக்குகிறார்கள். மறுபடி ஒரு 'தொம்': சக்கரங்கள் வெளியே வருகின்றன. கட்டுநாயக்க ஓடுபாதை நீர்கொழும்புக் களப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில நாட்களில் கடைசி நிமிடம் வரை தண்ணீரும் சதுப்பும் மிக அருகில் தெரியும், தண்ணீரில் இறக்குகிறார்களோ என்று தோன்றும். சக்கரம் தட்டியதும் இயந்திரம் உறுமும். அது காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் சத்தம். எப்போதாவது, தரை தொடப் போன விமானம் திரும்ப மேலே எழும்பும். ஓடுபாதை காலியாக இல்லை, காற்று சரியில்லை என்றால் விமானி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவார். அப்படிச் செய்பவர் கவனமான விமானி.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

புறப்படுமுன் பணிப்பெண் முகமூடியைக் காட்டி விளக்குவார். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் அது மேலிருந்து தானாகத் தொங்கும். "முதலில் உங்களுக்குப் போட்டுக்கொண்டு பிறகு பிள்ளைக்குப் போடுங்கள்" என்பார். எந்தத் தாய்க்கும் இது மனதுக்கு ஒவ்வாது. ஆனால் அந்த உயரத்தில் ஒட்சிசன் இல்லாமல் ஓரிரு நிமிடத்துக்குள் தலை சுற்றி, கை சொன்னபடி கேட்காது. பிள்ளைக்குப் போட முயன்று நீங்கள் மயங்கினால் இரண்டு பேருக்கும் உதவி இல்லை. உங்களுக்குப் போட ஐந்து நொடி போதும். இது தேவைப்படுவது மிக மிக அரிது, ஆனாலும் ஒருமுறை மனதுக்குள் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கையில், எதைப் பொதியில்?

முகாமில் லக்கேஜ் என்கிறோம், இலங்கையில் பயணப்பொதி என்பார்கள். எத்தனை கிலோ என்பது உங்கள் பயணச்சீட்டில் இருக்கும். விமானத்தின் வயிற்றில் போகும் பெரிய பொதியை நீங்கள் கட்டுநாயக்கவில்தான் மறுபடி காண்பீர்கள். அரிதாகச் சில பொதிகள் பிந்தியும் வரும். எனவே எந்தக் காகிதமும் அதில் போகக் கூடாது. பயண ஆவணம், பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், தோட்டத்தில் வேலை செய்ததற்கான பழைய சீட்டு ஏதும் இருந்தால் அதுவும், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில், மடியில். காணாமல் போன சட்டையை வாங்கலாம். தாத்தாவின் 1950களின் காகிதத்தை எங்கே வாங்குவது?

தினமும் எடுக்கும் மருந்தும் மருத்துவர் சீட்டும் கையில். போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் கட்டாயம் கையில்தான், பொதியில் வைக்க விடமாட்டார்கள். அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல் பொதியில். ஊறுகாய், எண்ணெய், நெய் பொதியில், இறுகக் கட்டி. 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் கைப்பையில் போகாது, ஆனால் குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு. கொப்பரைத் தேங்காய் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். முகாம் வாசலில் வளர்த்த மல்லிகைக் கன்றையும் கறிவேப்பிலைக் கன்றையும் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது: அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி, விதை, மண் எதையும் இலங்கைக்குள் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கட்டுநாயக்கவில் குடிவரவு மேசையில், எப்போது, எந்த வழியாக இந்தியா போனீர்கள் என்று கேட்கலாம். படகில் போனவர்களிடம் கூடுதலாக விசாரிக்கவும் கூடும். உண்மையைச் சொல்லுங்கள், குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். புரியாத மொழியில் கேட்டால் தமிழில் கேட்கும்படி சொல்லுங்கள். விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் மலைக்கு இன்னும் நாலைந்து மணித்தியாலம் இருக்கிறது. வாகனத்தில் ஏறுமுன் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், ஸ்வெட்டரைப் பொதியின் அடியிலிருந்து எடுத்து மேலே வையுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் அந்தக் குளிரைப் பார்த்ததில்லை. கையில் மிச்சம் டொபி இருந்தால் தீர்த்துவிட வேண்டாம். கினிகத்தேனையில் காது மறுபடி அடைக்கும்.