டயர்ப் பொருத்தம்

மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விரையவல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிலத்தைத் தொடும் இடம் எத்துணை? டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கையின் அகலம், அவ்வளவே. எஞ்சினின் ஆற்றலும், பிரேக்கின் வன்மையும், ஓட்டுவோன் செய்யும் திருப்பமும் இந்நான்கு சிற்றிடங்களின் வழியாகவே நிலத்தைச் சேர்கின்றன. அங்ஙனமிருக்கவும், டயர் தேய்ந்தவிடத்து இரண்டை மட்டும் கிடைத்த வகையிலே வாங்கிப் பூட்டுவார் பலர். "புதிதாய், நல்லதாய் இருப்பின் போதாதோ?" என்பது அவர் வினா. போதாது. நல்ல டயர் இரண்டு, பொருந்தா இடத்திற் பூட்டப்பெறின், வண்டியைச் சுழற்றி வீழ்த்தலும் கூடும். அஃது எவ்வாறென்பதை ஈண்டு ஆராய்வாம்.

டயரின் பக்கத்திலே 225/45 ஆர் 17 91 டபிள்யூ என்றாற்போலும் குறியீடொன்று பொறிக்கப்பட்டிருக்கும். 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அவ்வகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 17 என்பது டயர் ஏறும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்னும் எண் டயர் ஒன்று 615 கிலோகிராம் தாங்கும் என்பதையும், டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை செல்லத்தகும் என்பதையும் குறிக்கும். (தேர்ச்சக்கரத்தின் விளிம்பைச் சூட்டு என்றும் நடுவைக் குறடு என்றும் பெயரிட்டு வழங்கிய நம் முன்னோர்க்கு இக்குறியீட்டு நுட்பம் உவப்பளித்திருக்கும்.) ஆயினும் இரப்பர்க் கலவையின் மென்மையும் பக்கச்சுவரின் விறைப்பும் இதனால் விளங்கா. எண் ஒத்த இரு டயர்களும் இயல்பில் வேறுபடுதல் அதனாலேயே.

இனி வளைவில் நிகழ்வதைக் காண்போம். இரப்பர் நெகிழும் பொருளாதலின், சக்கரம் நோக்கும் திசையும் அது செல்லும் திசையும் சிறிது வேறுபடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதை விலகுகோணம் என்று வழங்குவாம். இக்குறைபோலத் தோன்றும் நெகிழ்ச்சியே வண்டியைத் திருப்பும் பக்கவிசையைத் தருவது. முன் டயர்கள் மிகுதியாக விலகின், வண்டி வளைவின் வெளிப்புறமாக அகன்றோடும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீளும். பின் டயர்கள் மிகுதியாக விலகினாலோ, வண்டியின் வால் வெளியே வீசும். ஓட்டுவோன் அஞ்சித் திடீரென வேகத்தைக் குறைப்பின், பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரங்களின் பிடி இன்னும் தளரும். வண்டி பம்பரம் போற் சுழலும். ஆகவே முன்னிரண்டின் பிடி பின்னிரண்டின் பிடியினும் மிகுதல் ஆகாது.

1946இல் மிஷெலின் நிறுவனத்தார் உரிமம் பெற்று 1949இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயர், பழைய குறுக்கிழை டயரினும் குறைந்த விலகுகோணத்திலேயே மிகுந்த பக்கவிசையைத் தருவது. முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையும் பூட்டுவதைப் பிரிட்டானியச் சட்டம் விலக்குகின்றது. பின்னே ரேடியலும் முன்னே குறுக்கிழையும் இருப்பதை விலக்கவில்லை. காரணம் மேலே கூறியதே.

அற்றேல், சில ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்தோரே முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு வைப்பது என்னை? 1963இல் முதன்முதற் காட்சிக்கு வந்த போர்ஷே 911 வண்டியில் எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் உள்ளது. பாரத்திற் பெரும்பங்கு பின் சக்கரங்கள் மேலது. 1972இல் வெளிவந்த அதன் கரேரா ஆர்.எஸ். 2.7 என்னும் வகைக்கு முன்னே 185/70, பின்னே 215/60, இரண்டும் 15 அங்குலச் சக்கரங்களில். வேறுபாடு பெரிதன்றோ எனின், கணக்கிட்டுப் பார்க்க. 185இல் நூற்றுக்கு 70 பங்கு 129.5, 215இல் 60 பங்கு 129. அகலம் 30 மில்லிமீட்டர் வேறுபட, டயரின் மொத்த விட்டம் ஒரு மில்லிமீட்டரே வேறுபடுகின்றது! 1989ஆம் ஆண்டுக்குரிய கரேரா 4 வண்டியில் 205/55, 225/50 என்னும் டயர்கள் 16 அங்குலச் சக்கரங்களில் அமைந்தன. அங்கு விட்ட வேறுபாடு அரை மில்லிமீட்டர். அவ்வண்டியில் நான்கு சக்கரங்களும் உந்துவன. முன்பின் சுற்றளவு பெரிதும் மாறுபடின், இரு அச்சுக்களையும் இணைக்கும் பகுதி நேர்வழியிலும் ஓயாது இடர்ப்பட்டுச் சூடேறும். சக்கரவேகத்தை ஒப்பிட்டுப் பிரேக்கை ஆளும் கருவியும் பிறழ உணரும். இதனை நாம் கலப்பு என்னாது கணிப்பு என்றே கூறவேண்டும். புதிய டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டராக உள்ள கோட்டாழம் 1.6 ஆகத் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீட்டருக்கு மேற் குறையும். செய்தோர் ஒரு மில்லிமீட்டர் காத்த இடத்தில் நாம் பன்னிரண்டைச் சிதைக்கின்றோம்.

டயரை மாற்றாமலேயே பொருத்தத்தைக் கெடுக்கவும் இயலும். 1960ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெய்ர், பின்புற எஞ்சின் உடையது, முன் டயரில் சதுர அங்குலத்திற்கு 15 ராத்தலும் பின் டயரில் 26 ராத்தலும் காற்றழுத்தம் வேண்டிநின்றது. நான்கிலும் ஒரே அளவு காற்றடைத்தால் அச்சமநிலை போயிற்று. இதனை ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். அக்காலத்து ஒத்த வண்டிகளினும் அஃது அபாயம் மிக்கதன்று என 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு முடிவு கூறிற்று என்பதையும் நடுநிலை கருதிச் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

போர்ஷே நிறுவனத்தார் தம் வண்டிக்கென ஒப்பிய டயர்களில் என்0, என்1, என்2 முதலிய குறிகளை இடுவிக்கின்றனர். ஒரே பெயருடைய டயராயினும் குறி மாறின் கலவையோ கட்டமைப்போ மாறியிருத்தல் கூடும். ஆகலான் நான்கிலும் ஒரே குறி வேண்டும் என்பர். பொதுவான கார்களில் இரண்டு மட்டும் வாங்குவோர் புதியவற்றைப் பின்னே பூட்டி, பின்னிருந்தவற்றை முன்னே கொணர்தல் தகும். மழைநீரில் தேய்ந்த பின் டயரே முதலில் மிதந்து வால் வீசும். அளவு வேறுபட்ட 911 போன்றவற்றில் இவ்விட மாற்றத்திற்கு வழியில்லை. பின் டயர்களே அவற்றில் விரைந்து தேய்வன. அவற்றை மட்டும் அதே குறியில் மாற்றுதலில் அச்சம் குறைவு. பின்னிரண்டும் பாதி தேய்ந்து நிற்கையில் முன்னிரண்டை மட்டும் புதிதாக்கி, அடுத்த மழையில் வளைவொன்றில் விரைந்து நுழைதலே அஞ்சத்தக்கது.