கைபிடியின் அதிர்வும் கமக்காரரின் கைகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஐப்பசி மழை விழுந்ததும் காலபோக வேலைகள் தொடங்கிவிடுகின்றன. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களிலும், மானாவாரி நிலங்களிலும் உழவு இயந்திரங்களின் ஒலி விடியுமுன்னரே கேட்கின்றது. இக்காலத்தில் கமக்காரர் விதைநெல்லைப் பற்றியும், பசளையைப் பற்றியும், இயந்திரத்தின் எண்ணெயைப் பற்றியும் கவலை கொள்வர். ஆனால் அவ்வியந்திரத்தைப் பிடித்து நடத்தும் தம் இரு கைகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

இருசக்கர உழவு இயந்திரம் இலங்கைக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன அவர்கள் வடிவமைத்த 'லாண்ட்மாஸ்டர்' இயந்திரம் இங்கிலாந்திலே உற்பத்தி செய்யப்பட்டது. பின்னர் வேறு நாட்டு இயந்திரங்கள் பல வந்தபோதிலும், அவற்றையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்து வருகின்றனர். எருமை பூட்டிப் பல நாள் உழுத வயலை இது விரைவில் உழுது முடிக்கின்றது. ஆயினும் எருமையின் பின்னே சென்றவன் கைக்கு இல்லாத ஒரு தொல்லை இவ்வியந்திரத்தின் பின்னே செல்பவன் கைக்கு உண்டு. அதுவே அதிர்வு.

அதிர்வு செய்யும் தீங்கு

இயந்திரத்தின் உள்ளே எரியும் எரிபொருளின் ஒவ்வோர் உதைப்பும் சட்டத்தின் வழியாகக் கைபிடிக்கு வருகின்றது. அங்கிருந்து அது விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என மேலேறுகின்றது. புல்வெட்டும் இயந்திரமும் மரம் அரியும் இயந்திரவாளும் இவ்வாறே அதிர்கின்றன. ஒரு நாள் வேலையால் தீங்கு தோன்றாது. ஆனால் பல மாதங்கள், பல ஆண்டுகள் இவ்வாறு நிகழுமாயின் விரல்களிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதடைகின்றன. மூட்டுகளும் தசைகளும் வலுக்குன்றுகின்றன.

இந்நோய் முதன்முதலில் கற்சுரங்கங்களிலும் கல் வெட்டுமிடங்களிலும் காணப்பட்டது. 1918ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் அலிஸ் ஹமில்டன் என்பவர் இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்தச் சுத்தியலாற் சுண்ணாம்புக் கல் செதுக்கிய தொழிலாளரை ஆராய்ந்தார். குளிர் வேளைகளில் அவர்களுடைய விரல்கள் இரத்தம் வற்றி வெண்மையாகி மரத்துப்போவதை அவர் கண்டார். பிற்காலத்தில் இயந்திரவாள் பிடித்த காட்டுத் தொழிலாளரிடையேயும் இதே நோய் பரவலாயிற்று. இன்று அதிர்வினால் உண்டாகும் நோய்கள் சர்வதேசத் தொழில் தாபனத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

வெப்பமான நாடுகளில் விரல் வெளுத்தல் அரிதாகவே காணப்படுகின்றது. அதனால் "எமக்கு இந்நோய் இல்லை" என்று எவரும் ஆறுதல் கொள்ளலாகாது. விரல் வெளுக்காமலே நரம்பு பழுதுபடக்கூடும். வெப்ப நாட்டில் முதலில் தோன்றுபவை விறைப்பும் கூச்சமும் பிடிப்பலம் குன்றலுமே.

அறிகுறிகள்

வேலை முடிந்தபின் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி சிறிது நேரம் நிற்பது முதற்படி. இரவில் கை விறைத்து நித்திரை குழம்புவதும், அந்த விறைப்பு மறுநாட் காலையிலும் நீங்காதிருப்பதும் இரண்டாம்படி. சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாமை, தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவுதல், கத்தரி, மிளகாய் நாற்றுகளைப் பிரித்தெடுக்க இயலாமை ஆகியவை மூன்றாம்படி.

கமக்காரர் தம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு, பாயில் பரப்பிய நெல்லில் ஒரு மணியை மட்டும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்துப் பார்க்கவேண்டும். முன்னர் எளிதாயிருந்த இச்செயல் இப்பொழுது கடினமாயின் வைத்தியரை நாடுவதில் தாமதம் கூடாது. நீரிழிவாலும், கழுத்தெலும்புத் தேய்வாலும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதாலும் இத்தகைய விறைப்பு உண்டாகலாம். ஆதலால் காரணத்தைத் தாமே தீர்மானியாது, எந்த இயந்திரத்தை எத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பிடித்தனர் என்பதை வைத்தியருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

தொடக்கத்திலேயே அதிர்வை நீக்கினால் பெரும்பாலும் தீங்கு வளராது. முற்றிய நரம்புப் பழுதை முழுவதும் மாற்றும் மருந்து இல்லை. மரத்துப்போன விரலுடன் மீதி வாழ்நாள் முழுவதும் கமம் செய்ய நேரிடும்.

நேரக் கணக்கு

அதிர்வின் வலிமை இருமடங்கானால், அதே அளவு தீங்கு நான்கில் ஒரு பங்கு நேரத்திலேயே உண்டாகும். ஐரோப்பிய நாடுகள் 2002ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, எட்டு மணி நேர வேலைக்கு உச்ச எல்லை செக்கன் வர்க்கத்துக்கு 5 மீற்றர் ஆகும். 2.5 மீற்றரைத் தாண்டினாலே தடுப்பு நடவடிக்கை எடுக்கவேண்டும். 10 மீற்றர் அளவில் அதிரும் பழைய இயந்திரமொன்றை அரை மணி நேரம் பிடித்தாலே தடுப்பு எல்லை வந்துவிடும்; இரண்டு மணி நேரத்தில் உச்ச எல்லையும் வந்துவிடும். ஏக்கர்க் கணக்கிற் கூலி பெற்று விடியற்காலை முதல் பொழுதுபடும்வரை உழுபவர்க்கு இந்நோய் வருவதற்கு ஏது அதிகம் என்பதை இக்கணக்கே காட்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. இயந்திரத்தைத் தாங்கும் தளர்ந்த ஆணிகளையும் தேய்ந்த இறப்பர்த் தாங்கிகளையும் போகத்துக்கு முன்னரே சீர் செய்க. கைபிடி இறப்பர் கிழிந்திருப்பின் மாற்றுக.

2. மழுங்கிய அல்லது ஒரு பக்கம் உடைந்த தகட்டுடன் புல்வெட்டும் இயந்திரத்தை இயக்கற்க. சமநிலை இழந்த தகடே அதிர்வுக்கு முக்கிய காரணம். இயந்திரவாளின் சங்கிலியைக் கூராக வைத்திருக்க.

3. கைபிடியை இறுக்கிப் பிடிக்கவேண்டாம். பிடி இறுகும் அளவுக்கு அதிர்வு கைக்குள் ஏறும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தப் போதிய அளவே பிடிக்க.

4. வேலைக்கு வேண்டிய வேகத்துக்கு மேல் இயந்திரத்தை முடுக்கற்க. இரும்புச் சில்லுடன் கடினமான வீதியிற் செலுத்துவதைத் தவிர்க்க.

5. இருவர் மாறி மாறி உழுக. ஒருவர் உழும்போது மற்றவர் வரம்பு கட்டலாம். தனியே உழுபவர் இடையிடையே இயந்திரத்தை நிறுத்தி ஓய்வு கொள்க.

6. மார்கழி, தை மாதப் பனிக்காலையில் கைகளை உலர்வாகவும் சூடாகவும் வைத்திருக்க. கையுறை குளிரையும் காயத்தையும் தடுக்கும். உழவு இயந்திரத்தின் அதிர்வை அது பெரிதும் குறைக்காது.

7. சுருட்டும் பீடியும் விரல் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவற்றைக் கைவிடுக.

8. புதிய இயந்திரம் வாங்குவோர் விலையை மாத்திரமன்றி அதன் அதிர்வு அளவையும் விற்பனையாளரிடம் கேட்க. இயந்திரத்தை இயக்கிக் கைபிடியைப் பிடித்துப் பார்த்தபின் வாங்குக.

இவற்றால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு பின்லாந்து நாட்டின் சுவோமுசால்மி என்னும் ஊர் சான்றாகும். 1972ஆம் ஆண்டில் அங்குள்ள காட்டுத் தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேருக்கு விரல் வெளுக்கும் நோய் இருந்தது. அதிர்வு குறைந்த இயந்திரவாள்கள் வழக்கிற்கு வந்தபின், 1990ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. தொழிலாளர் தொழிலை விடவில்லை, கருவியே திருந்தியது.

பழுதடைந்த இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கடையிற் கிடைக்கும். உழுபவன் விரலுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போதே தம் கைகளையும் ஒருமுறை நோக்குவதைக் கமக்காரர் வழக்கமாக்கிக்கொள்வாராக.