இரும்புக்கடைக்காரர் கைவிடாத இன்ஜின்

வரி, லைசென்ஸ், பேங்க் சங்கதிகளையே இந்தப் பக்கங்களில் படித்துச் சலித்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இம்முறை ஒரு ரயில் இன்ஜினின் கதை. ரயிலுக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பஞ்சு மார்க்கெட் உண்டு, இரும்புக்கடை உண்டு, முதலாளி கண்ணை மூடினால் தொழில் என்ன ஆகும் என்ற நம் எல்லோருடைய கவலையும் உண்டு.

இடம் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாடு. இன்ஜினின் பெயர் டோல்கோக். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோனது. நம் நாட்டுப் பருத்திக்குத் திடீரென்று விலை ஏறியது அந்த ஆண்டுகளில்தான். ஆலையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று நினைத்த மக்கானல் என்ற நூற்பாலைக் குடும்பத்தார் வேல்ஸ் மலையில் பிரின் எக்லுவிஸ் என்ற சிலேட்டுக்கல் சுரங்கத்தில் பணம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டு நமக்குத் தெரியும். அங்கே அந்தக் கல்லைத் தகடாகப் பிளந்து வீட்டுக் கூரைக்குப் போடுவார்கள்.

கல்லைக் கடலோர ஊரான டவினுக்குக் கொண்டுவரப் போட்டதுதான் தாலிலின் ரயில்பாதை. அகலம் 2 அடி 3 அங்குலம். நமது மீட்டர் கேஜே 3 அடிக்கு மேல் என்பதை நினைத்தால் அது எவ்வளவு குறுகல் என்று புரியும். ஒயிட்ஹேவன் ஊர் பிளெட்சர் ஜென்னிங்ஸ் கம்பெனி இரண்டு இன்ஜின்கள் செய்து கொடுத்தது. முதலாவது 1864இல் செய்த தாலிலின். இரண்டாவது 1866இல் செய்த டோல்கோக். நான்கே சக்கரம் கொண்ட சிறு இன்ஜின். போயர் போர்க் காலத்தில் அதற்குப் பிரிட்டோரியா என்று பெயர் மாற்றிச் சில காலம் ஓட்டினார்கள். பிறகு பழைய பெயரே திரும்பியது.

சரக்கு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அபர்கினோல்வின் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம் பாதைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. வேகனைக் கயிற்றில் கட்டிச் சரிவில் இறக்குவார்கள். கீழே வீடுகளின் கொல்லைப்புறம் வரை தண்டவாளம். கரி, மளிகைச் சாமான், பீர்ப் பீப்பாய் எல்லாம் அப்படியே வாசலுக்குப் போகும். வீட்டுக் கழிவும் அதே வேகனில் வெளியேறும். (மளிகை போன வேகனும் கழிவு போன வேகனும் ஒன்றேதானா என்று நாம் கேட்கப் போவதில்லை.) வழியில் உள்ள சிறு நிறுத்தங்களில் டிக்கட் ஆபீஸ் கிடையாது. கார்டு வண்டியின் ஜன்னலிலேயே டிக்கட் கொடுத்தார்கள். ஆள் சம்பளம் மிச்சம்!

1911இல் சுரங்கத்தையும் ரயிலையும் வாங்கியவர் டவினில் இரும்புக்கடை நடத்திய ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். 1910 முதல் 1945 வரை பார்லிமென்ட் மெம்பர். பின்னாளில் சர் பட்டமும் பெற்றார். சிலேட்டு வியாபாரம் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. 1946 கடைசியில் சுரங்கத்தில் சரிவு ஏற்பட்டு அதையும் மூடியாயிற்று. சரக்கே இல்லாத சரக்கு ரயிலை எந்தக் கணக்குப்பிள்ளையும் நடத்தச் சொல்ல மாட்டார். ஆனால் சர் ஹேடன், தாம் உயிரோடு இருக்கும் வரை ரயில் ஓடும் என்று ஊராருக்குச் சொல்லியிருந்தார், ஓட்டினார். கோடையில் வாரத்தில் சில நாள் மட்டும், சுற்றுலாக்காரர்களை நம்பி. தாலிலின் இன்ஜின் 1945இலேயே படுத்துவிட்டது. எண்பது வயதான டோல்கோக் ஒன்றே மொத்தப் பாரத்தையும் இழுத்தது.

நஷ்டத் தொழிலை இப்படி நடத்தலாமா என்றால், நம் அபிப்பிராயத்தில் எல்லோராலும் முடியாது. வேறு வரும்படி உள்ளவரால்தான் முடியும். கடன் வாங்கிச் சரக்குப் போடும் நம்மவர்கள் இதைப் பின்பற்றப் போனால் கல்லா காலியாகிவிடும். ஆனாலும் அவர் ஐந்து வருஷம் முன்னதாகக் கணக்கை முடித்திருந்தால், டோல்கோக் பழைய இரும்பு வியாபாரியின் தராசுக்குத்தான் போயிருக்கும்.

1950 ஜூலையில் அவர் காலமானார். நம் கடைவீதிகளில் பெரியவர் போனதும் ஷட்டர் இறங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அங்கே நடந்தது வேறு. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும், பான்பரி ஊரில் ரேடியோ கடை வைத்திருந்த பில் டிரிண்டர் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1950 அக்டோபர் 11ஆம் தேதி பர்மிங்காமில் கூட்டம் போட்டார்கள். ரயிலைச் சம்பளமில்லாத் தொண்டர்களே நடத்துவது என்று சங்கம் அமைத்தார்கள். சர் ஹேடனின் மனைவியார் கம்பெனியை அவர்கள் கையில் ஒப்படைத்தார். 1951 மே 14ஆம் தேதி முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் எடுத்து நடத்திய ரயில்பாதை உலகிலேயே இதுதான் முதல்.

கையிருப்பு அதிகமில்லை. 1948இல் மூடப்பட்ட பக்கத்துக் காரிஸ் ரயிலின் இரண்டு இன்ஜின்களைத் தலா 25 பவுனுக்கு வாங்கினார்கள். ஒன்று ஓட வந்தும் அடிக்கடி தடம் புரண்டது. தண்டவாளம் அகன்று கிடந்தது; அகலச் சக்கரம் கொண்ட டோல்கோக்தான் அதில் நிலைத்து நின்றது. ஆகவே அந்த முதல் கோடையும் கிழ இன்ஜின் தலையில்தான் விழுந்தது. மற்றொரு காரிஸ் இன்ஜினை ஹன்ஸ்லெட் கம்பெனித் தலைவர் ஜான் அல்காக், தாமும் சங்க உறுப்பினர் என்பதால், கூலி வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தார். 1952இல் அது ஓடத் தொடங்கிய பிறகே டோல்கோக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. 1954இல் பெரிய பழுதுக்காக நிறுத்தப்பட்டு, 1963இல்தான் மறுபடி ஓட்டத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் தொண்டு செய்ய வந்தவர்களில் ஒருவர் ஆட்ரி பாதிரியார். நம் கடைகளில் தொங்கும் தாமஸ் ரயில் பொம்மைக்கு மூலமான கதைகளை எழுதியவர் அவரே. அவர் கதையில் ரெனியஸ் என்று வரும் இன்ஜின் நமது டோல்கோக்தான்.

1976இல் பயணிகள் வண்டி நான்ட் குவெர்னோல் வரை நீட்டிக்கப்பட்டு, பாதை ஏழேகால் மைல் ஆயிற்று. 2016இல் டோல்கோக்குக்கு 150 வயது நிறைந்தது. 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டுப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அந்தச் சுரங்கமும் கிராமமும் இந்த ரயிலும் பட்டியலில் சேர்ந்தன.